ஸலல்காலி என்ற பெயர்

“ஞாயிறு. விடாத தூறல். அடுத்த அறைப் பெண் சுட்ட பிஸ்கட். அண்ணைக்கு ஒன்றும் இல்லை.” என் நாட்குறிப்பில் தேதி போட மறந்த ஒரே பக்கம் இது.

அப்போது ஆங்கிலேயப் புறநகரான கோலியர்ஸ் வுட்டில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரின் வீட்டில் வாடகைக்கு இருந்தேன். அடுத்த அறையில் ஹங்கேரி நாட்டு நர்ஸ். அன்று காலை அவள் பிஸ்கட் சுட்டு மேசையில் வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போயிருந்தாள். அடுப்பிலிருந்து கிளம்பிய மூத்திர நெடி மதியம் வரை வீட்டைவிட்டுப் போகவில்லை. அக்கா குப்பைத் தொட்டியைக் கிளறி ஒரு வெற்றுப் பொட்டலத்தை எடுத்தார். மேலே ‘ஸலல்காலி’ என்ற ஹங்கேரியச் சொல், கீழே சிறிய எழுத்தில் ஆங்கிலம்.

“அமோனியம் எண்டு போட்டிருக்கு, தம்பி. கக்கூஸ் கழுவிற சாமான். இவர் மூண்டு திண்டிட்டார்.”

இதய அறுவை முடிந்து அப்போதுதான் நடமாடத் தொடங்கியிருந்த அவர் கணவர், நான் அண்ணை என்று கூப்பிடுபவர், நாலாவதைக் கையில் வைத்திருந்தார். “சாகிற ஆள் தேத்தண்ணி கேப்பனோ? ஊத்து.”

மருத்துவ உதவி எண்ணுக்குப் பேசினேன். அது மாவை உப்பவைக்கும் பொருள், சூட்டில் வாயுவாகப் போய்விடும், நெடி அதனுடையதுதான், பிஸ்கட்டால் கெடுதல் இல்லை என்றார்கள். எனக்கு மூச்சு வந்தது. அக்காவுக்கு வரவில்லை.

“அதென்ன பேர்? பேர் விளங்காத சாமான் என்ர குசினிக்க இருக்கேலாது. கொண்டுவந்தவளும்தான்” என்றார், சமையலறையைக் காட்டி.

ஷிப்ட் இடைவேளையில் நர்ஸ் தொலைபேசியில் பேசினாள். அந்தப் பெயருக்கு அவளுக்கும் பொருள் தெரியவில்லை. ஊரில் எல்லாரும் போடுவது என்றாள். அக்காவின் கோபத்தைச் சொன்னதும் அவள் குரல் இறங்கிவிட்டது. இன்றே போக வேண்டுமா, வேறு இடம் பார்க்கவில்லையே என்றாள்.

அகராதிகளைத் தேடினேன். ‘ஸல்’ என்பது லத்தீனில் உப்பு. ‘அல்காலி’ அரபியிலிருந்து வந்தது. உவர்நிலத்துச் செடிகளை எரித்த சாம்பல். எங்கள் பக்கத்து அப்பளக்காரமும் ஒருகாலத்தில் அப்படிப்பட்ட சாம்பலிலிருந்து எடுத்ததுதான் என்று அக்காவிடம் விளக்கினேன்.

“உப்பும் சாம்பலுமோ? அதை முதலே சொல்லியிருக்கலாமே. அடுத்தமுறை சன்னலைத் திறந்துபோட்டுச் சுடச் சொல்லு.”

மாலையில் நர்ஸ் திரும்பியபோது இதை ஆங்கிலத்தில் சொன்னேன். கோட்டைக் கழற்றாமலே படியில் உட்கார்ந்து சிரித்தாள்.

அந்தப் பெயர் நியாயப்படி சோடாச் சாம்பலுக்கு உரியது, இதுவோ அமோனியச் சேர்மம், இதற்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை என அக்காவிடம் அன்றே சொன்னேன்.

“அது உன்ர கவலை, தம்பி. அவளுக்கு அறை இருக்கு.”

எப்போது, யாரால் அந்தப் பெயர் இதற்கு மாறியது என்பதை இன்றுவரை என்னால் சரிபார்க்க முடியவில்லை.