நாலு பேருக்கு நகல்

என் கணவர் ராமசுப்ரமணியன் மத்திய அரசின் ஓர் அமைச்சகத்தில் நாற்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். கிளார்க்காகச் சேர்ந்து செக்‌ஷன் ஆபீசராக வெளியே வந்தார். பெயர் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஒரு தடவை எழுதிவிட்டேன், இனி ‘இவர்’ போதும். பிளஸ் டூ முடித்த கையோடு பரீட்சை எழுதித் தேறி, மாயவரத்திலிருந்து டெல்லிக்கு ரயிலேறிவிட்டதால் இவருக்குப் பட்டம் என்று ஒன்று கிடையாது. ஆபீசில் அது யாருக்கும் தெரிந்ததுமில்லை, யாரும் கேட்டதுமில்லை.

எங்கள் மகள் மேதாவின் கல்யாணப் பத்திரிகையில்தான் அது தெரிந்தது. சம்பந்தியின் பெயருக்குப் பின்னால் கமாவும் புள்ளியுமாக எழுத்துகள் ஒரு வரிக்கு ஓடின. இவர் பெயருக்குப் பின்னால் வெறும் காகிதம். “படிக்கச் சுலபமா இருக்கே” என்று சிரித்தார். ஆனால் அந்தப் பத்திரிகையை மூன்று நாள் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த வாரமே ஒரு தபால் வழிப் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி இளங்கலைக்குச் சேர்ந்துவிட்டு வந்து நின்றார். அப்போது இவருக்கு வயது ஐம்பத்தேழு.

ஏன் சமூகப்பணி என்று கேட்டேன். வரலாறு என்றால் தேதி நினைவிருக்க வேண்டும், பொருளாதாரம் என்றால் படம் போட வேண்டும், சமூகப்பணி என்றால் ஜனங்களின் குறைதானே, அதை நான் நாற்பது வருடமாகப் பார்க்கவில்லையா என்றார். இவர் பார்த்தது குறை எழுதின காகிதத்தை. குறை உள்ள மனிதர் யாரும் இவர் மேஜை வரை வந்ததில்லை. வரவேற்பிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதைச் சொன்னால் சண்டை வரும் என்று பேசாமல் இருந்தேன்.

எழுத்துத் தாள்கள் எல்லாவற்றிலும் தேறினார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், கேட்டதற்கு மேல் ஒரு வரி எழுத மாட்டார். களப்பணிதான் காலை வாரியது. முதல் தடவை ஒரு முதியோர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். போன இரண்டாம் நாளே வருகைப் பதிவேடு ஒன்று திறந்து, கிழவர்கள் எல்லோரும் காலை ஒன்பது மணிக்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். இரண்டாம் தடவை குடிப்பழக்கத்தை விட வந்தவர்கள் தங்கும் இல்லம். அங்கே மறுபடி குடித்த ஒருவருக்கு, ஏன் குடித்தார் என்பதை ஏழு நாளுக்குள் எழுத்தில் விளக்குமாறு மெமோ கொடுத்தார். அந்த ஆள் மெமோவைப் படித்துவிட்டு அன்று சாயங்காலமே மறுபடி குடித்துவிட்டு வந்தாராம். இரண்டு தடவையும் ஃபெயில்.

ஆறு வருடத்துக்குள் முடிக்காவிட்டால் பதிவு காலாவதி ஆகிவிடும். இந்த வருடம் ஜூன்தான் கடைசி. பாக்கியிருந்தது ஒரே ஒரு களப்பணி: யாராவது ஒருவரை எடுத்துக்கொண்டு, பதினைந்து வாரம் அவர் சொல்வதைக் கேட்டு, டைரி எழுதி, அவருக்கு என்ன உதவி முடியுமோ அதைச் செய்ய வேண்டும். இதில் தவறினால் ஆறு வருடமும் போச்சு. பூங்காவில் கூட நடக்கிறவர்கள், “என்ன சார், பட்டம் எப்போ?” என்று கேட்பார்கள் என்பதற்காகவே இவர் வாக்கிங் போகிற வழியை மாற்றிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

அரசு வேலையில் இருக்கும் மேதாவுக்கு ஒதுக்கிய லோதி ரோடு குவார்ட்டர்ஸில்தான் நாங்கள் இருக்கிறோம். எங்கள் பிளாக்கில் மாடிப்படி கழுவி, ஐந்து வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள் வீராயி. தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பை இடித்த பிறகு, பக்கத்தில் போகல் என்கிற பேட்டையில் ஒரு சந்தில் ஒற்றை அறை எடுத்துக்கொண்டு இருக்கிறாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் ஜோதிலிங்கம் செத்துப் பதினோரு வருடம் ஆயிற்று என்பது பிளாக்குக்கே தெரியும். வருடா வருடம் ஆடி அமாவாசைக்கு, “அவருக்குப் படைக்கணும்” என்று லீவு எடுப்பாள். எதிர் வீட்டு வள்ளியம்மை ஆச்சி அன்றைக்கு வாழைக்காயும் பூசணிக்காயும் கொடுத்து அனுப்புவார். இவர் வீராயியைத்தான் எடுத்துக்கொண்டார்.

வாராவாரம் புதன்கிழமை மத்தியானம் அவள் வேலை முடித்ததும் எங்கள் வீட்டு வாசல் நடையில் மூங்கில் மோடா போட்டு உட்கார்ந்து பேசுவாள். இவர் எதிரில் நாற்காலியில் குறிப்பெடுப்பார். ஏழாவது வாரம் வீராயி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஜோதிலிங்கம் சாகவில்லை என்றாள். காஜியாபாத்தில் வேறொருத்தியோடு இட்லி வண்டி போட்டுக்கொண்டு நன்றாகவே இருக்கிறானாம். விட்டுவிட்டுப் போய்விட்டான் என்றால் ஆளாளுக்கு அவளிடம் என்ன குற்றம் என்று கேட்பார்கள்; செத்துவிட்டான் என்றால் ஒரு கேள்வியும் இல்லை. கைவிடப்பட்ட பெண்களுக்கு அரசாங்கம் ஏதோ உதவி தருகிறதாமே, அதற்கு வழி இருக்கிறதா என்று கேட்டாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று இவரிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்காத குறைதான்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அன்று சாயங்காலம் காபியோடு டைரியை முழுக்க எனக்குப் படித்துக் காட்டினார். ஆபீஸில் இருந்த நாளிலிருந்து எதையும் என்னிடம் சொல்லாமல் இருந்ததில்லை. எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. பொண்டாட்டியிடம் சொல்வது யாரிடமும் சொல்வதில் சேருமா?

அந்த வாரம் முழுக்க இவர் உற்சாகமாக இருந்தார். கடைசியில் கைக்கு ஒரு நல்ல கேஸ் கிடைத்துவிட்டது. நாலு பக்கத்துக்கு இங்கிலீஷில் அறிக்கை தயார் செய்தார், பத்திகளுக்கு எண் போட்டு. வீராயியின் கணவர் பொதுவாகக் கருதப்படுவதுபோல் காலமாகவில்லை என்பது மூன்றாவது பத்தி. மூலம் பல்கலைக்கழகத்தின் படிப்பு மையத்துக்கு. அடியில், கையெழுத்துக்குக் கீழே, இடது ஓரத்தில், ‘நகல்’ என்று எழுதிக் கோடு போட்டார். நாற்பத்தோரு வருடத்தில் அடியில் நகல் இல்லாமல் இவர் ஒரு காகிதமும் அனுப்பினது கிடையாது. குடியிருப்புச் சங்கச் செயலாளருக்கு ஒன்று, ஏனென்றால் வேலை செய்கிற இடம் அவர் எல்லை. மகளிர் நல அலுவலகத்துக்கு ஒன்று, தக்க நடவடிக்கைக்காக. வள்ளியம்மை ஆச்சிக்கு ஒன்று, அவர் இங்கே தமிழ்ப் பெண்கள் குழுவின் தலைவி. நாலாவது, ஜோதிலிங்கத்துக்கு, வீராயி பேச்சுவாக்கில் சொன்ன விலாசத்துக்கு. ஒரு காகிதத்தில் யார் பெயர் வருகிறதோ அவருக்கு ஒரு நகல் போயாக வேண்டும் என்பது இவர் ரத்தத்தில் ஊறினது. எதிர் வீட்டு ஆச்சிக்குக்கூட ஸ்பீட் போஸ்ட்தான். ரசீதுகளை டைரியில் வரிசையாக ஒட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஜோதிலிங்கம் வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் காகிதம். அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது. காஜியாபாத்தில் ஜெராக்ஸ் கடைக்காரன் ஹிந்தியில் படித்துச் சொல்லியிருக்கிறான். கோபமாக வந்த மாதிரி இல்லை, மனம் நொந்து வந்த மாதிரி இருந்தது. “பதினோரு வருசமா எனக்குத் திதி நடக்குதாமே சார்” என்று இவரைக் கேட்டான். அதே நேரத்தில் மேல்மாடியிலிருந்து வாளியும் துடைப்பமுமாக வீராயி இறங்கி வந்தாள். எதிர்க் கதவைத் திறந்துகொண்டு ஆச்சி, தன் நகலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். செத்தவன், படைத்தவள், வாழைக்காய் கொடுத்தவர் மூன்று பேரும் ஒரே படியில். இவர் மட்டும் எல்லோரையும் உட்காரச் சொன்னார்.

வீராயி உட்காரவில்லை. ஜோதிலிங்கம் வாயைத் திறக்கும் முன்பு வாளித் தண்ணீர் முழுவதும் அவன் இஸ்திரி போட்ட சட்டையில் போயிற்று. அவன் கேட் வரைக்கும் ஓட, துடைப்பம் பின்னால் பறந்தது. கீழ் வீட்டுக் குழந்தைகள் கைதட்டின. நானும் சிரித்தேன், மறைப்பானேன். பிறகு அவள் இவர் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அப்போது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாளே ஆச்சி அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். இத்தனை வருடமும் கொடுத்த காய்கறியை நினைத்துத்தான் ஆச்சிக்குத் தாங்கவில்லை. இன்னொரு வீட்டிலும் நிறுத்திவிட்டார்கள். புதன்கிழமை மோடா காலியாகக் கிடந்தது. இவர் நாற்காலியில் குறிப்பேட்டோடு மூன்று மணி வரை உட்கார்ந்திருந்துவிட்டு, ‘வரவில்லை’ என்று எழுதிக்கொண்டார்.

படிப்பு மையத்தில் இவருக்கு மேற்பார்வையாளர் ஜ்யோத்ஸ்னா. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், முப்பது வயதுகூட ஆகாது. டைரி காட்டப் போகும்போது நானும் துணைக்குப் போனேன். ரசீது ஒட்டின பக்கத்தில் அவள் விரல் நின்றது. இவர் ஒவ்வொரு ரசீதும் எங்கே போனது என்று வரிசையாக விளக்கினார். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“சார், அவங்க உங்களை நம்பிச் சொன்னது இது. அச்சா, அனுப்பறதுக்கு முன்னாடி அவங்க கிட்ட சம்மதம் வாங்கினீங்களா? எழுத்துல ஏதாவது இருக்கா?”

இவர் ரசீதுகளையே மறுபடி புரட்டினார். தபாலுக்கு முந்தின தேதியில் வீராயி கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் டைரியோடு வைக்கலாம், இல்லாவிட்டால் களப்பணியில் ஃபெயில் போடுவதைத் தவிர வேறு வழியில்லை என்றாள். வீட்டுக்கு வருகிற வரை பஸ்ஸில் இவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். அறுபத்து மூன்று வயது மனிதர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அதனால் நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். இவரிடம் சொல்லாமல் சம்மதப் படிவத்தை எடுத்துக்கொண்டு, மே மாத வெயிலில் ஆட்டோ பிடித்துப் போகலுக்குப் போனேன். வீராயி தண்ணீர் கொடுத்தாள். முன்தேதி போட்டு ஒரு கையெழுத்து, சாரின் ஆறு வருடப் படிப்பு அதில்தான் இருக்கிறது என்று கேட்டேன். கேட்கும்போதே கூசியது, ஆனாலும் கேட்டேன். அவள் படிவத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“தேதிய மாத்திப் போடறது ஒண்ணும் பெருசில்லம்மா. ஆனா சாரு அன்னைக்கே என்னைக் கேட்டிருந்தா, நான் வேணான்னுதான் சொல்லியிருப்பேன். இப்ப சரின்னு சொன்னதா எப்பிடிம்மா கையெழுத்துப் போடறது?”

படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் இவரிடம் கொட்டினேன். எத்தனை பழைய புடவை கொடுத்திருக்கிறேன், ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு பிகுவா என்று கத்தினேன். இவர் என்னையும் திட்டவில்லை, அவளையும் திட்டவில்லை. அவள் சொன்னதை இன்னொரு தடவை அப்படியே சொல்லச் சொன்னார். டைரியை எடுத்து, அவள் வார்த்தையை மாற்றாமல் தமிழிலேயே எழுதினார். அதற்குக் கீழே, ‘நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை’ என்று எழுதி, அன்றைய தேதியைப் போட்டார்.

வெள்ளிக்கிழமை ஜ்யோத்ஸ்னா அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். இந்த ஆறு வருடத்தில் நீங்கள் எழுதியதிலேயே இதுதான் நல்ல பக்கம் என்றாள். சொல்லிவிட்டு ஃபெயில் போட்டாள். அன்று இவர் சாப்பிடவில்லை, எனக்கும் இறங்கவில்லை. சமையலறையில் போய் அழுதேன். அந்தப் பெண் மேல் கோபப்படலாம் என்று பார்த்தேன், அதுவும் முடியவில்லை.

ஜூன் முடிந்து பதிவு காலாவதி ஆயிற்று. இவர் என்னையும் கூட்டிக்கொண்டு போய் வீராயியிடம் மன்னிப்புக் கேட்டார், வாயால், காகிதம் இல்லாமல். நான் நாலு பிளாக் ஏறி இறங்கி அவளுக்கு வேறு இரண்டு வீடு பிடித்துக் கொடுத்தேன். படிக்காமலே சமூகப்பணி செய்தவள் நான்தான் என்று இவரிடம் சொல்லிக் காட்டினேன். ஜூலையில் இவர் மறுபடி முதல் வருடத்தில் சேர்ந்துவிட்டார். புதுப் புகைப்படம், புது அடையாள அட்டை. மேதா, “அப்பா, பஸ் கரோ, போதும்ப்பா” என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். கணக்குப் பார்த்தால் பட்டம் வரும்போது எழுபதை நெருங்கியிருப்பார்.

முதல் வருடத்திலும் ஒருவரோடு உட்கார்ந்து பேசுகிற களப்பணி உண்டு. வீராயியிடமே போய்க் கேட்டார். அவள் இரண்டு வாரம் யோசித்துவிட்டுச் சரி என்றாள், ஆனால் வாசல் நடையில் இல்லை, தன் அறையில். போன புதன்கிழமை போனார். திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. காபி கலந்து வைத்துக்கொண்டு நான் காத்திருந்தேன். டைரியைப் புரட்டினால் வெள்ளையாக இருக்கிறது. எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டாராம், வேண்டாம் என்றாளாம். இவர் பேனாவைப் பையில் போட்ட பிறகுதான் அவள் பேசவே ஆரம்பித்தாளாம்.

“என்னதான் சொன்னா?” என்று கேட்டேன்.

“சொல்ல வேண்டாம்னிருக்கா, ருக்கு.”

நாற்பது வருடக் குடித்தனத்தில் இவர் எனக்குச் சொல்லாத முதல் விஷயம். காபியை நங்கென்று வைத்தேன். மேலும் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன், கோபித்துக்கொண்டும் ஒரு தடவை கேட்டேன். காபியைக் குடித்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை. எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை நானும் இவரிடம் சொல்லவில்லை.