செத்த காளையின் கிடேரி

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு மடுல்கெல்லையில் சும்மா இருந்த நாட்களில்தான் கால்நடை வளர்க்கும் இளையோருக்கான பயிற்சி பற்றிக் கேள்விப்பட்டேன். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு என்றார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் எங்களுடைய பசு ஒன்று இருந்தது, எனக்குப் பால் கறக்கத் தெரியும். அதுவே போதுமாக இருந்தது. கண்டி தாண்டி, பேராதனைக்கு அப்பால் ஒரு பண்ணையில் தங்கிப் படிக்க வேண்டும். நன்றாகச் செய்பவர்களுக்கு டிப்ளோமா படிக்கப் புலமைப்பரிசில் கிடைக்கும்.

எங்களுக்குப் படிப்பித்தவர் ஒரு சிங்களப் பெண் டொக்டர். கிழக்கு மாகாணத்தில் சில காலம் வேலை செய்ததால் தமிழ் பேசுவார். முதல் வாரமே எங்களை ஓர் அறைக்குக் கூட்டிப்போய், பால் கேன் போலிருந்த ஒரு பெரிய கலத்தின் மூடியைத் தூக்கினார். வெள்ளைப் புகை பொங்கி வழிந்து தரையில் இறங்கி எங்கள் சப்பாத்துகளை மூடியது. உள்ளே திரவ நைதரசன். இடுக்கியால் அவர் வெளியே எடுத்த விந்துக் குழாய் ஈர்க்குச்சி அளவுதான் இருந்தது.

“இந்தக் காளை செத்து நிறைய வருஷம். இன்னும் கன்று குடுக்குது,” என்றார்.

என் அறைத்தோழி யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அவள்தான் கேட்டாள். “அப்ப இதுக்குள்ள கிடக்கிறது எல்லாம் செத்ததுகளோ, டொக்டர்?”

“கொஞ்சம் உயிரோட இருக்கு. நல்ல காளை எல்லாம் செத்துப் போச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா மரம் முறிந்து விழுந்து செத்தபோது நான் அம்மாவின் வயிற்றில் இருந்தேன். அவர் முகத்தை ஒரு கல்யாணப் படத்தில் மட்டும் பார்த்திருக்கிறேன். குனிந்து நடப்பதும், யோசிக்கும்போது காதைத் தடவுவதும் அப்பாவைப் போலவே என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். சொல்லும்போது ஒருமாதிரி என் தோளுக்குப் பின்னால் பார்ப்பார்கள்.

பயிற்சி முடிந்ததும் எங்கள் வீட்டு மாடுகளுக்கு அந்தக் கலத்திலிருந்தே சினையூசி போட்டார்கள். பிறக்கும் கன்றை நாங்கள் வளர்த்து, பண்ணையில் நடக்கும் இளையோர் கன்றுக் கண்காட்சிக்குக் கொண்டுபோக வேண்டும். புலமைப்பரிசிலுக்கு ஆள் எடுப்பது அங்கேதான். எங்கள் பசுவுக்கு டொக்டர் தேர்ந்தது அந்தச் செத்த காளையைத்தான்.

அம்மா கொழுந்து மலையிலிருந்து இறங்கி வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். கூடையை இறக்கவேயில்லை, அப்படியே நின்றாள்.

“உசுரோட இருக்கிற காளையா ஒண்ணும் கெடைக்கலியா ஒனக்கு?”

“இதுதாம்மா நல்ல ஜாதி. நெறைய பால் வரும்.”

“என்னமோ செய்யி,” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

பிறந்தது கிடேரிக் கன்று. கறுப்பு உடம்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை. அதன் அம்மா நக்கிக் கொடுக்கும்போதுகூட அது தலையைத் திருப்பி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. வளர வளர அந்தப் பழக்கமும் வளர்ந்தது. மத்தியானம் மலைக்கு மேலிருந்து மூட்டம் இறங்கும் நேரம் மேய்வதை நிறுத்திவிட்டு, கயிறு எட்டும் மட்டும் போய் நின்றுவிடும். நிற்பது எப்போதும் ஒரே திசையில். கண்டிப் பக்கம் என்று நான் விளையாட்டாகச் சொல்வேன். அம்மா அந்த நேரத்தில் மாட்டுப்பட்டிப் பக்கமே வரமாட்டாள்.

கண்காட்சியன்று காலையில் கிடேரியைச் சின்ன லொறியில் ஏற்றினோம். வாகனம் பிடிக்காத அம்மாவும் வந்தாள். வத்துகாமம் தாண்டும் வரை கிடேரி நிலைகொள்ளாமல் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தது. பேராதனை நெருங்க நெருங்க அடங்கிவிட்டது. அதன் கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்து கிடந்தது.

பண்ணையில் நல்ல கூட்டம். பந்தல் போட்டு, கதிரை அடுக்கி, ஒலிபெருக்கியில் மும்மொழியிலும் பேசிக்கொண்டிருந்தார்கள். என் பழைய அறைத்தோழி பயிற்சிக்குப் பிறகு அங்கேயே உதவியாளராகச் சேர்ந்திருந்தாள். அவள்தான் லொறியின் பின்கதவைத் திறந்துவிட்டாள்.

கிடேரி இறங்கியது. மைதானத்தைப் பார்க்கவில்லை. கட்டியிருந்த மற்ற மாடுகளையும் பார்க்கவில்லை. கயிற்றை இழுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கியது. ஓடியிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது. அவசரமே இல்லாமல், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர் போல நடந்தது. நான் இழுத்தும் நிற்கவில்லை. அலுவலகத்தைச் சுற்றி, தீவனக் களஞ்சியத்தைத் தாண்டி, புல் மண்டிய ஒரு பாதையில் திரும்பியது. பண்ணையில் தங்கிப் படித்த நான் அந்தப் பாதையில் ஒருநாளும் போனதில்லை.

பாதையின் முடிவில் ஒரு பழைய கொட்டில். கதவில்லை. சுவர்களில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். கிடேரி உள்ளே போனது. இடது மூலைக்குப் போய் நெற்றியைச் சுவரில் பதித்து நின்றுகொண்டது. அந்த இடத்தில் சுவர் உட்குழிந்திருந்தது. புதுச் சுண்ணாம்பு அதை மறைக்கவில்லை. கிடேரியின் நெற்றி அதில் அளவெடுத்ததுபோலப் பொருந்தியது.

மாடுகளின் சத்தம் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். ஒலிபெருக்கி மட்டும் தூரத்தில் பேசிக்கொண்டிருந்தது.

பின்னால் வந்த தோழி வாசலைத் தாண்டவில்லை. “வெளியால வாருமப்பா. எனக்குப் பயமாக் கிடக்கு,” என்றாள்.

யாரோ டொக்டரைக் கூட்டி வந்தார்கள். அவர் கொட்டிலுக்குள் வந்து கிடேரியைப் பார்த்தார். பிறகு அந்தச் சுவரைப் பார்த்தார்.

“இதோட அப்பா இங்கதான் இருந்தது,” என்றார். “வயசு போய்க் கண் தெரியாமப் போச்சு. அப்ப இந்த மூலையில, இப்படியே தலையை வச்சு நிக்கும். செத்த நாளும் அப்படித்தான்.”

“இதுக்கு எப்படித் தெரியும், டொக்டர்?” என்றேன்.

“தெரியாது. சுவரில் உப்பு இருக்கும். உப்பு வாசத்துக்கு வந்திருக்கும்.” என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். கிடேரி சுவரை நக்கவேயில்லை. கண்களை மூடியிருந்தது.

என்னால் அதை அசைக்க முடியவில்லை. அம்மாதான் உள்ளே வந்தாள். சேலைத் தலைப்பால் அதன் கண்களை மூடிக் கட்டி, காதுக்குள் ஏதோ சொல்லி, மெதுவாகத் திருப்பி வெளியே கொண்டுவந்தாள். வெளிச்சத்துக்கு வந்ததும் மற்ற மாடுகள் ஒவ்வொன்றாகக் கத்த ஆரம்பித்தன. அதன்பிறகு கிடேரி மைதானத்தில் சொன்னபடி நடந்தது, நடுவர்கள் தொட்டுப் பார்க்க நின்றது. எனக்குப் புலமைப்பரிசில் கிடைத்தது.

நான் படித்து முடிக்கும்வரை கிடேரியைப் பண்ணையிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வதாக டொக்டர் சொன்னார். நான் வாய் திறக்குமுன் அம்மா, “வேணாங்க மிஸ், நாங்க கூட்டிட்டுப் போறோம்,” என்றாள்.

திரும்பும் வழியில் லொறியின் பின்பக்கம் கிடேரியோடு நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டியதும் அம்மா தானாகவே பேசினாள்.

“நீயும் இப்புடி ஒருக்கா செஞ்சிருக்க.”

“என்னது?”

“நீ நடக்கப் பழகின புதுசு. புசல்லாவையில ஒங்கப்பா தோட்டத்துக்குத் திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போனேன். அதுக்கு முந்தி ஒன்னய அங்க கொண்டு போனதே இல்ல. கீழ எறக்கி விட்டதும் நீ பாட்டுக்கு நடந்த. எத்தன லயம், எத்தன வாசல். ஒங்கப்பா பொறந்து வளந்த காம்பராவுக்குள்ள நேரா போயிட்ட. பின்னால ஒரு மூலை. அங்கதான் அவரு படுப்பாரு. நீ வெறுந்தரையில படுத்து, கைய எடுத்துக் கண்ணு மேல போட்டுக்கிட்ட. அவரு படுக்கிற மாதிரியே.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“தூக்கிட்டு வந்துட்டேன். அப்புறம் அந்தப் பக்கமே போகல.”

அம்மா கிடேரியின் கயிற்றைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது நான் சினையூசி போடும் வேலையில் இருக்கிறேன். அந்தக் கிடேரி கன்று போட்டு, அம்மாவின் கையால் நன்றாகப் பால் கொடுக்கிறது. கண்காட்சிக்குப் பிறகு ஒருநாளும் அது கண்டிப் பக்கம் பார்த்து நின்றதில்லை என்கிறாள் அம்மா.

போன மழைக்காலத்தில் புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தது. போய் இறங்கிய பிறகுதான் அது அப்பாவின் தோட்டம் என்று தெரிந்தது. மாட்டுக்கு ஊசி போட்டுவிட்டுக் கை கழுவினேன். மாட்டுக்காரப் பெண் தேத்தண்ணியோடு வந்தாள்.

“நனையுறீங்களே, உள்ளுக்கு வாங்க மிஸ்.”

அவளுடைய காம்பராவின் கதவு திறந்திருந்தது. உள்ளே இருட்டு. அப்பாவின் காம்பரா இதுதானா, பக்கத்து வாசலா, எதுவென்று எனக்குத் தெரியாது. ஆனால் என் கால்கள் ஏற்கெனவே படியேறி நிலைக்கு அருகில் நின்றன. எப்போது நடந்தேன் என்று ஞாபகமில்லை.

ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டேன். அங்கேயே நின்று தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டினேன். அவள் மறுபடியும் உள்ளே கூப்பிட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.