காலி என்று குறித்த இடம்

பொட்டல் சரளையில் ஒரு காலை ஊன்றி, மறு காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்ற எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர்தான் என் நினைவில் முதலில் வருகிறார். வங்கி அதிகாரி, எங்கள் எல்லோருக்கும் அக்கா. அவர் தலைக்கு மேல் ஆள்காட்டிக் குருவிகள் இரண்டு கத்திக்கொண்டே வட்டமிட்டன. காலடியில், கூழாங்கற்களோடு கற்களாக, கரும்புள்ளி போட்ட முட்டைகள். கையெட்டும் தூரத்தில், மரக்கன்று நடுவதற்காக நாங்கள் அடித்திருந்த முளைக்குச்சி.

மேடவாக்கத்தை ஒட்டிய அந்தக் காப்புக்காட்டின் பராமரிப்பில் குடியிருப்புவாசிகளையும் சேர்க்கும்படி வனத்துறையிடம் நடையாய் நடந்து சம்மதம் வாங்கியவர் அக்கா. ஞாயிறு காலைகளில் ஆளுக்கொரு பாதையில் நடப்போம். கண்ணில் பட்ட செடி, பறவை, பூச்சி எல்லாவற்றையும் படமெடுத்துக் கைபேசிச் செயலியில் ஏற்றுவோம். எங்கே என்ன செய்யலாம் என்று முடிவெடுக்கும்போது துறை அந்தப் பதிவுகளையும் பார்க்கும். மரம் இருந்தால்தான் காடு என்று நம்பிய அடுக்குமாடிக்காரர்கள் நாங்கள். புல்லும் முள்புதருமாகக் கிடந்த அந்தச் சரளை மேட்டைக் 'காலி இடம்' என்று குறித்தோம். அங்கே மரம் நடுவது அக்காவின் பல நாள் ஆசை. எங்கள் பதிவை நம்பித் துறையும் ஒப்புக்கொண்டது. அடுத்த ஞாயிறு நடவு விழா. வாசலில் அக்காவின் படம் போட்ட பேனர்கூடக் கட்டியாகிவிட்டது.

முட்டைகளைப் பார்த்த அன்று மாலையே சங்கக் கூட்டத்தைக் கூட்டி, விழா வேண்டாம் என்றார். ஒரே கூச்சல்.

"ஒரு குருவிக்காக ஃபங்ஷனை நிறுத்துவாங்களா மேடம்? சீஃப் கெஸ்ட்டுக்கு இன்னா சொல்றது?" என்றார் பொருளாளர்.

"முட்டை போட்டிருக்குன்னு சொல்லுங்க சார்."

சிரிப்பு அடங்குவதற்குள் அவர் குரல் மாறியது. "காலின்னு நாமதான் எழுதிக் குடுத்தோம். நாமதான் திருத்தணும். இல்லன்னா நாளைக்கு நம்ம பேச்சை யார் கேப்பாங்க?"

மறுநாள் வனச்சரக அலுவலகத்தில், எங்கள் பதிவு தவறு என்று அவரே சொன்னார். பொதுமக்களை நம்பினால் இப்படித்தான் என்று கதவை மூடிவிடுவார்கள் என நான் பயந்தேன். செய்தியாளனாக அரசு அலுவலகங்களில் நிறைய மறுப்புகளைக் கேட்டவன் நான். இப்படி ஒரு திருத்தத்தைக் கேட்டதில்லை. வனச்சரகர் நேரே வந்து மேட்டைப் பார்த்தார். நடவு நின்றது, எங்கள் ஞாயிறு நடை நிற்கவில்லை. கன்றுகள் எங்கள் தெருவோரங்களுக்கு வந்தன.

இப்போது பராமரிப்புத் திட்டத்தில் அந்த மேடு திறந்த புல்வெளியாகவே காக்கப்படுகிறது. அக்காவின் பெயர் அங்கே எந்தக் கல்லிலும் இல்லை. போன வாரம், புதிதாகச் சேர்ந்த சிறுசேரி ஐ.டி. இளைஞர் ஒருவர் கேட்டார்: "இவ்ளோ பெரிய இடம், ஏன் மேடம் காலியா விட்டு வெச்சிருக்காங்க?"

"காலி இல்லப்பா," என்றார் அக்கா. "ஆள் குடியிருக்கு. பாத்து கால வை."