மூன்றாம் நாள் மூடநம்பிக்கை

படித்தவர்களுக்கு மூடநம்பிக்கை கிடையாது என்று நினைக்கிறீர்களா? அப்படியானால், இந்தோனேசியாவில், ஜாவாத் தீவின் வடகரையில் உள்ள பிரெபெஸ் நகரத்து மருத்துவமனையில் என்னோடு வேலை பார்த்த டாக்டர்களை உங்களுக்குத் தெரியாது. நான் அங்கே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தேன்.

அவர்கள் பேய்க்குப் பயப்படவில்லை. மூன்றாம் நாளுக்குப் பயந்தார்கள். தேசியக் காப்பீட்டில் வரும் நோயாளி மூன்று நாளுக்கு மேல் படுக்கையில் இருக்கக் கூடாது, அதுதான் விதி என்பது அங்கே வேதவாக்கு. மூன்றாம் நாள் விடிந்ததும் குடும்பத்தார் தாங்களாகவே பாயைச் சுருட்டிவிடுவார்கள். காய்ச்சல் இறங்கியதா என்று யாரும் கேட்பதில்லை. வீட்டுக்குப் போய் முற்றினால் திரும்பி வந்து புதிதாகச் சேரலாம். சிலர் வந்தார்கள். சிலர் வரவே இல்லை.

அந்தப் பயத்தை உடைத்தவர் டாக்டர் லஸ்மினி. வாத்து முட்டையை உப்பில் ஊறவைத்து விற்கும் வீட்டுப் பெண். வாசற்படியில் உட்காரும் பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையாது என்பார்கள் எங்கள் பக்கம். அவரோ சிறுவயதிலேயே சோற்றுத் தட்டோடு போய் வேண்டுமென்றே அங்கே உட்காருவாராம். பிறகு காதலித்து மணந்துகொண்டார். கணவரையும் வாசற்படியில் உட்காரவைத்தார்.

வஸ்துகி வெங்காய வயலில் கூலி வேலை செய்பவர். சர்க்கரை நோயாளி. மண்வெட்டி பட்ட பாதம் அழுகிப்போய் வந்து சேர்ந்தார். லஸ்மினி சீழை எடுத்து, ஊசி மருந்து ஏற்றினார். வீக்கம் வடியத் தொடங்கியது. மருந்து தொடர்ந்தால் கால் தப்பும். நிறுத்தினால் வெட்ட வேண்டும். ஆனால் மூன்றாம் நாள் வந்துவிட்டது. மனைவி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

லஸ்மினி தடுத்தபோது வஸ்துகிக்குத்தான் சங்கடம். (மரியாதைக்குப் பெண்களை 'பு' என்றும் ஆண்களை 'பாக்' என்றும் அழைப்பது எங்கள் வழக்கம்.) "எங்களால உங்களுக்கு எதுக்கு வம்பு, பு டாக்டர்? ரூல்ஸ்னா ரூல்ஸ்தானே."

"உங்க காலை ரூல்ஸ் வந்து பாத்துச்சா, பாக்? நான்தானே பாத்தேன். பேசாம படுங்க."

இயக்குநர் ஹார்தோயோ கூப்பிட்டனுப்பினார். காப்பீட்டுக்காரர்கள் பணம் தர மாட்டார்கள், நாளைக்குள் நோயாளியை அனுப்பாவிட்டால் உங்களுக்குப் பதில் வார்டில் வேறு டாக்டரைப் போடுவேன் என்றார். விதி எங்கே எழுதியிருக்கிறது என்று லஸ்மினி கேட்டார். எல்லா டாக்டருக்கும் தெரிந்ததுதானே என்று பதில் வந்தது.

அவர் அன்றே எல்லா டாக்டரிடமும் போனார். இளையவர்கள் மூத்தவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டதாகச் சொன்னார்கள். மூத்தவர்கள் கணக்குப் பிரிவைக் காட்டினார்கள். கணக்குப் பிரிவு இயக்குநரைக் காட்டியது. இயக்குநரோ டாக்டர்களைக் காட்டியிருந்தார். வட்டம் முழுதாக மூடிக்கொண்டது. உள்ளே விதி என்று ஒன்றுமே இல்லை.

மறுநாள் காலைக் கூட்டத்துக்குக் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியை அவரே அழைத்து வந்துவிட்டார். எல்லார் முன்னாலும் கேட்டார்.

"அப்படி ஒரு ரூல் எங்ககிட்ட இல்லவே இல்லியே," என்றார் அதிகாரி. "எப்ப அனுப்பணும்னு முடிவு பண்றது வைத்தியம் பாக்கிற டாக்டர்தான். நாங்க பணம் கொடுக்கறது நோயைப் பொறுத்து, நாளைப் பொறுத்து இல்ல."

லஸ்மினி திரும்பினார். "பாக் இயக்குநர், இப்ப யாரைக் கைகாட்டப் போறீங்க?"

பின்வரிசையில் ஒரு மருத்துவர் சிரித்துவிட்டார். பிறகு அறையே சிரித்தது. ஹார்தோயோ மட்டும் சிரிக்கவில்லை. எத்தனை நாள் படுத்திருந்தாலும் நோய்க்கு ஒரே தொகை என்பதால், படுக்கை சீக்கிரம் காலியானால் மருத்துவமனைக்குத்தான் லாபம். டாக்டர்களின் அறியாமை அவருக்கு வசதியாக இருந்தது. தனக்குக் கீழே வேலை செய்யும் டாக்டர்கள் விதியைப் படிக்காமலிருப்பதை எந்த முதலாளிதான் குறை சொல்வான்? அதற்கு விலை கொடுத்தவர்கள் வெங்காயக் கூலிகள்.

வஸ்துகி தேவைப்பட்ட நாள்வரை படுக்கையில் இருந்தார். பிறகு, சொந்தக் கால்கள் இரண்டிலும் நடந்து, வாயிற்காவலரிடம் சிகரெட் கேட்டுத் திட்டு வாங்கிக்கொண்டு வெளியே போனார். அந்த வாரமே மற்ற வார்டுகளிலும் டாக்டர்கள் நாளை எண்ணுவதை விட்டு நோயாளியைப் பார்க்கத் தொடங்கினார்கள். லஸ்மினியைப் பார்த்தால் ஹார்தோயோ வேறு பக்கமாகத் திரும்பிப் போனார்; லஸ்மினியோ உரக்க வணக்கம் சொல்வார்.

உங்கள் வீட்டு நோயாளியையும் விதியின் பேரால் யாராவது வெளியேற்ற வந்தால், டாக்டரே ஆனாலும், வீட்டுக்கு அனுப்பும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். காப்பீட்டு அலுவலகத்துக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள். பதில் வரும்வரை படுக்கையை விட்டுக்கொடுக்காதீர்கள்.