பேன்ட்டுக்குள் விட்ட துணி

எங்கள் வீட்டில் குண்டு என்றால் அது அத்தைதான். அப்பாவின் அக்கா. இடுப்புக்குக் கீழே அப்படி ஒரு பெருக்கம். ஷேர் ஆட்டோவில் அவள் உட்கார்ந்தால் மூன்று பேர் சீட்டில் மிச்ச இடம் எனக்கு மட்டும்தான். அப்பாவுக்கோ குச்சிக் கை, குச்சிக் கால், நடுவில் மட்டும் ஒரு தொப்பை. ஆவடி ஸ்டேஷன் எடை மெஷினில் ஏறி இறங்கும்போதெல்லாம் அட்டையைக் கொண்டுவந்து காட்டி, தன் எடை குறைவு என்று அத்தையை வெறுப்பேற்றுவார். அவள் காதைத் திருகுவாள்.

அம்மா சேக்காட்டில் எங்கள் வீட்டிலேயே தையல் வேலை பார்த்தாள். அப்பாவின் பேன்ட்டுகளை மட்டும் பின்பக்கம் உள்ளே கூடுதலாகத் துணி விட்டுத் தைப்பாள். வயிற்றில் இறுக்கிப் பிடித்தால் தையலைப் பிரித்துத் தளர்த்திக் கொடுப்பாள். துவைத்ததில் சுருங்கிவிட்டது என்பார் அப்பா. அவளும் ஆமாம் என்று சிரித்துக்கொள்வாள்.

நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது எங்கள் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் போட்டார்கள். அத்தையை இழுத்துக்கொண்டு போகத்தான் எல்லோருமே கிளம்பினோம். அங்கிருந்த நர்ஸ் எடை பார்த்ததோடு விடாமல், இஞ்ச் டேப்பை வயிற்றைச் சுற்றி வைத்தும் அளந்தார். அத்தைக்கு முட்டி வலி இருந்ததால், தினமும் கொஞ்சம் நடங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அடுத்தது அப்பா. சட்டையைத் தூக்கியவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு விறைப்பாக நின்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். நர்ஸ் டேப்பைப் பிடித்தபடியே, எங்கே வேலை என்று சாதாரணமாகக் கேட்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் கம்பெனி என்று அப்பா சொல்லி முடிப்பதற்குள் தொப்பை டேப்பைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. வரிசையே சிரித்தது. அத்தைக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

நர்ஸ் சிரிக்கவில்லை. "உங்க அக்காவுக்குத் தொடையிலயும் பின்பக்கமும் சேர்ந்திருக்கு. அது அவ்வளவா தொந்தரவு பண்ணாது. உங்களுக்கு வயித்துக்குள்ள, ஈரலைச் சுத்திச் சேருதுங்க. சர்க்கரைக்கும் நெஞ்சுக்கும் அதுதான் ஆகாது."

"ஒல்லியா கீறவனுக்கு இன்னாம்மா வரப்போவுது?" என்றார் அப்பா.

இதற்கும் அம்மா சிரிப்பாள் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அப்பா வழக்கம்போல ஒரு பேன்ட்டைத் தளர்த்தச் சொல்லி மெஷின்மேல் வைத்தார். அம்மா அதை உள்பக்கம் திருப்பி, தையலுக்கு அப்பால் கால் இஞ்ச் மட்டும் விட்டுவிட்டு, மீதித் துணியைக் கத்தரித்துப் போட்டாள். பிறகு பீரோவைத் திறந்து மற்ற பேன்ட்டுகளையும் எடுத்தாள்.

"எங்கப்பாவும் ஒல்லிதான்," என்றாள்.

மறுநாள் காலையிலேயே அப்பா அத்தையோடு நடக்கக் கிளம்பினார். அத்தை முன்னால், அவர் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால். இன்றைக்கும் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே நடக்கிறார்கள். பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அன்று வெட்டி விழுந்த துணியில் என் பொம்மைக்குத் தாவணி கட்டினேன். அம்மாவின் அப்பாவான அந்தத் தாத்தாவை நான் பார்த்ததில்லை. நான் பிறக்கும் முன்பே நெஞ்சு வலியில் போய்விட்டார். சுவரில் மாலை போட்ட படத்தில் ஒட்டிய கன்னமும் மெலிந்த கழுத்தும் தெரியும். நெஞ்சோடு படம் முடிந்துவிடும், வயிறு தெரியாது. ஒல்லியாக இருந்ததற்காகத் தாத்தாமேல் அம்மாவுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று, பொம்மையோடு நின்று அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.