பட்டியலில் இல்லாத கோப்பு

என் வேலை என்னவென்று கொல்கத்தா டாக்குரியாவில் எங்கள் அடுக்குமாடிப் பெண்களுக்கு விளக்க முயன்று பலமுறை தோற்றிருக்கிறேன். இப்போதெல்லாம் "கம்ப்யூட்டர்ல" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். பாலிகஞ்சில் இருக்கும் எங்கள் அலுவலகம் ஒரு சின்னப் பெட்டி செய்கிறது. மழைநீரை இறைக்கும் பம்ப் நிலையங்களின் சுவரில் அதை மாட்டுவார்கள். தொட்டியில் தண்ணீர் ஏறினால் அது பம்ப் ஆட்களுக்குச் செய்தி அனுப்பும். பெட்டிக்குள் ஓடும் மென்பொருளை முப்பது பேர் துண்டு துண்டாக எழுதுகிறார்கள். அத்தனை துண்டுகளையும் சரியான வரிசையில் சேர்த்து, பெட்டிக்குள் போகிற ஒரே கோப்பாக்கித் தருவது என் பொறுப்பு. எங்கள் பேச்சில் இதற்கு பில்டு என்று பெயர்.

பெட்டிக்குள் இருப்பது நோஞ்சான் சிப். எழுதிய நிரலை இயந்திர மொழியாக்கும் கம்பைல் வேலையை அதிலேயே செய்ய உட்கார்ந்தால் துர்கா பூஜை வந்துவிடும். அதனால் அலுவலகத்தின் பெரிய இயந்திரத்தில் உட்கார்ந்து, அந்தச் சின்னச் சிப்புக்குப் புரிகிற மாதிரி கம்பைல் செய்கிறோம். கிராஸ் கம்பைல் என்பது இதுதான். சமைப்பது ஒரு வீட்டில், சாப்பிடுவது இன்னொரு வீட்டில். ஆகவே சமைக்கிற வீட்டு அலமாரியில் தற்செயலாக இருப்பதை நம்பி எதையும் செய்யக் கூடாது. ஒவ்வொரு துண்டும் தனக்கு எந்தெந்த லைப்ரரி, அதாவது வேறு யாரோ எழுதிவைத்த உதவி நிரல், வேண்டும் என்று தன் பட்டியலில் எழுதியாக வேண்டும். பில்டு இயந்திரத்தில் யாரும் கையால் எதையும் வைக்கக் கூடாது. சட்டம் போட்டவள் நான். அதை அச்சடித்துத் தண்ணீர் கேனுக்கு மேலே ஒட்டியும் வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் என்னை "ஹெட்மிஸ்ட்ரஸ்" என்று சொல்வது எனக்குத் தெரியும். உள்ளூர அது எனக்குப் பிடிக்கவும் செய்யும்.

போன மே மாதம் பழைய பில்டு இயந்திரத்துக்கு விடை கொடுத்துவிட்டுப் புதியது ஒன்று வாங்கினோம். திங்கட்கிழமை காலை புதியதில் முதல் பில்டு. எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டே வந்து ஒரு துண்டில் நின்றுவிட்டது. இணைய வசதி இல்லாத நிலையங்களிலிருந்து குறுஞ்செய்தி அனுப்புகிற துண்டு அது. அதற்கு வேண்டிய மோடம் லைப்ரரியைக் காணோம். பட்டியலைப் பார்த்தால் அதில் அந்த லைப்ரரியின் பெயரே இல்லை.

அந்தத் துண்டை எழுதியவர் ஊரின் இன்னொரு பகுதியான பெஹாலாவிலிருந்து வருகிறவர். என் வயதுதான், அதிகம் பேச மாட்டார். நான் அவரை தாதா என்பேன், அவர் என்னை தீதி என்பார். இங்கே அது அண்ணன், அக்கா. ஒரு வருடமாக அந்தத் துண்டையே கட்டிக்கொண்டு அழுதவர். பெஹாலாவில் அவருடைய சந்தில் ஒவ்வொரு பெருமழைக்கும் முழங்கால் தண்ணீர் நிற்கும். அந்தச் சந்தின் தண்ணீரை இறைக்கிற நிலையத்தில் இணையம் கிடையாது. இவர் எழுதியது அந்த வார வெள்ளிக்கிழமை வெளியாகும் மென்பொருளில் சேர்ந்தால்தான் அங்கே பெட்டி போகும். சேராவிட்டால் மழைக்காலம் முழுக்க அங்கே ஒன்றும் கிடையாது.

கூட்டத்தில் நான் பிடித்துக்கொண்டேன். "பட்டியல்ல எழுதாம ஒரு வருஷம் எப்படி ஓட்டினீங்க? பழைய மெஷின்ல நீங்களா எதையாவது வெச்சீங்களா?" என்று வங்காளியில் கேட்டேன்.

"நான் எதையும் வெக்கல தீதி. பழைய மெஷின்ல பார்த்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தார்.

"அப்போ லைப்ரரி ஆகாசத்துலேர்ந்து குதிச்சுதா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் தன் டீ கப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வெள்ளிக்குள் சரியானால் சரி, இல்லையென்றால் அந்தத் துண்டை விட்டுவிட்டு அனுப்பலாம் என்றார் மேனேஜர். நானும் நீதிபதி மாதிரித் தலையாட்டினேன்.

சாயங்காலம் வீட்டில் இந்த ஊர்ப் பட்டோல் காயில் செய்த கூட்டைக் கிளறிக்கொண்டே இந்த வீரக்கதையை என் கணவரிடம் சொன்னேன். அவர் வங்கியில் ஆபீசர். கம்ப்யூட்டர் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் லாக்கர் பற்றித் தெரியும்.

"அந்த மெஷினுக்குள்ள போய் ஒண்ணை வெக்கறதுக்குச் சாவி, பாஸ்வேர்டு ஏதாவது உண்டோ இல்லியோ?"

"உண்டு. உள்ள என்ன இருக்குன்னு யார் வேணா பார்க்கலாம். வெக்கறதுக்குப் பாஸ்வேர்டு என்கிட்ட, மேனேஜர்கிட்ட, ரெண்டு பேர்கிட்டதான்."

"மேனேஜர் வெச்சிருப்பாரா?"

"அவரா? அவருக்கு பிரிண்டர்ல பேப்பர் போடவே நான் போகணும்."

அவர் தட்டை எடுத்து வைத்தார். நான் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றேன். கூட்டு அடிப்பிடித்துவிட்டது.

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் அலுவலகம் போனேன். பழைய இயந்திரத்தை இன்னும் அணைத்திருக்கவில்லை. உள்ளே புகுந்து தேடினேன். மோடம் லைப்ரரி சமர்த்தாக அங்கே உட்கார்ந்திருந்தது. வைத்தவர் பெயர் என்ற இடத்தில் என் பெயர். இரண்டு வருடத்துக்கு முந்தைய துர்கா பூஜையின் சஷ்டி நாள், மதியம் பன்னிரண்டே கால்.

எல்லாம் ஞாபகம் வந்தது. சஷ்டி மதியத்துக்கு மேல் கொல்கத்தாவில் எந்த அலுவலகத்திலும் ஆள் நிற்காது. தெருவில் தாக் மேளம் ஆரம்பித்துவிட்டிருந்தது. நான் புதுப் புடவையில் வந்திருந்தேன். கீழே டாக்ஸியில் கணவரும் மகளும் ஹாரன் அடிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கோ காட்டுவதற்காக அவசரமாக ஒரு பில்டு வேண்டியிருந்தது, அது இந்த லைப்ரரி இல்லாமல் நின்றது. சோதனைப் பெட்டி ஒன்றிலிருந்து அதை எடுத்து, அரை நிமிடத்தில் பில்டு இயந்திரத்தில் கையால் வைத்துவிட்டு ஓடினேன். பூஜை முடிந்ததும் பட்டியலில் ஏற்றிவிடலாம் என்று நினைத்தேன். பூஜை முடிந்தால் லட்சுமி பூஜை, அது முடிந்தால் காளி பூஜை, நமக்குத் தீபாவளி வேறு. மறந்தே போனேன். அன்றிலிருந்து அந்த லைப்ரரியைத் தேடிய எந்தத் துண்டும் கேள்வி கேட்காமல் பில்டு ஆனது. பட்டியலில் ஒன்று குறைகிறது என்று பெஹாலாக்காரருக்குத் தெரியவே வழியில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கோப்பைப் புது இயந்திரத்தில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, அவர் பட்டியலில் நானே ஒரு வரி சேர்த்துவிட்டு, "சரி பண்ணிட்டேன்" என்று சொல்லிவிடலாமா என்று ஒரு டீ குடிக்கிற நேரம் யோசித்தேன். பாஸ்வேர்டு கையில் இருக்கிறது. வெட்கமாக இருந்தது, அதைவிட பயமாகவும் இருந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் என்ற பெயர் போய்விடுமே.

கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். தேதியைச் சொன்னேன், மணியைச் சொன்னேன், புடவையைக்கூடச் சொன்னேன். அவர் பக்கம் திரும்பி மன்னிப்புக் கேட்டேன். பிறகு பின்னாலிருந்து யாரோ, "ஹெட்மிஸ்ட்ரஸை பெஞ்ச் மேல யாரு ஏத்தறது?" என்று கேட்க, கூரை பறக்கிற மாதிரி சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அவர் மட்டும், "டீக் ஆச்சே, தீதி," என்றார். சரி, பரவாயில்லை என்று அர்த்தம்.

சோதனைப் பெட்டியிலிருந்து சுரண்டிய கோப்பை மறுபடி வைக்க எனக்கு மனசு வரவில்லை. மூலத்திலிருந்தே கம்பைல் செய்வது என்று இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அந்த லைப்ரரிக்கு ஒரு கெட்ட வழக்கம். கம்பைல் ஆவதற்கு முன்னால் ஒரு குட்டி நிரலை ஓட்டிப் பார்த்துத்தான் தான் எந்தச் சிப்பில் இருக்கிறோம் என்று முடிவு செய்யும். பெரிய இயந்திரத்தில் ஓட்டினால் தன்னைப் பெரிய இயந்திரம் என்று நினைத்துக்கொள்ளும், பெட்டியில் போட்டதும் அசையாது. அது கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் பதிலை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தோம். புதன் முழுக்க அதிலேயே போயிற்று. அவர் கேள்விகளைப் படிக்க, நான் பதில்களை எழுதினேன். இத்தனை வருட வேலையில் அப்படிச் சந்தோஷமாக ஒரு நாள் போனது அபூர்வம். பட்டியலில் அந்த ஒரு வரியை அவரையே எழுதச் சொன்னேன். வியாழன் மதியம் பில்டு முழுசாக ஓடியது. பெட்டியில் ஏற்றி, தொட்டிக்குப் பதிலாக ஒரு வாளியில் தண்ணீர் ஊற்றினோம். அவர் கைபேசியில் குறுஞ்செய்தி வந்தது.

அன்று சாயங்காலம் பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குச் சேர்ந்து நடந்தோம். அவருக்கு ஒரு ரயில், எனக்கு ஒரு ரயில். பிளாட்பாரத்தில் நிற்கும்போது மெதுவாகச் சொன்னார்.

"அந்தக் கோப்பு மேல உங்க பேர் இருந்ததை நான் திங்கட்கிழமை மீட்டிங்குக்கு முன்னாடியே பார்த்துட்டேன் தீதி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்புறம் ஏன் சொல்லல? அத்தனை பேர் முன்னாடி நான் உங்களை அப்படிக் கேட்டேனே!"

"அத்தனை பேர் முன்னாடி கேட்டதாலதான். உங்க பேரை அங்கே எப்படிச் சொல்றது? தனியாச் சொல்லலாம்னு இருந்தேன். மறுநாள் காலைல நீங்களே எழுந்து நின்னுட்டீங்க."

அவர் ரயில் வந்துகொண்டிருந்தது. பொய் சொல்ல மனசு வரவில்லை.

"அதுல உங்க பேர் இருந்து, அதை நான் பார்த்திருந்தா, பெரிய ஸ்கிரீன்ல போட்டு எல்லாருக்கும் காட்டியிருப்பேன், தாதா," என்றேன்.

"தெரியும் தீதி," என்று சிரித்தபடி அவர் ரயிலில் ஏறிக்கொண்டார்.