ஒண்டும் இல்லையாம்

உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு அளவையியல், அதாவது தர்க்கம், படிப்பிப்பது என் தொழில். யார் எதைச் சொன்னாலும் ‘அதெப்படி?’ என்று கேட்கிற வாய் எனக்கு. இந்த வாயை வைத்துக்கொண்டு எப்படிக் குடும்பம் நடத்துகிறாள் என்று கணவர் வீட்டார் இன்றைக்கும் அதிசயப்படுகிறார்கள்.

போன மாரியில் என் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஊசியால் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வகுப்பு நேரத்தில் போன் எடுக்க முடியாதென்று கணவரின் இலக்கத்தைக் கொடுத்திருந்தேன். நான் விட்ட முதல் பிழை அது.

ஒரு புதன்கிழமை பின்னேரம் திருநெல்வேலிச் சந்தியில் பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு வந்தேன். கணவர் எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார். கலியாணம் கட்டிய நாள் தொட்டு நடக்காத காரியம்.

“ஆஸ்பத்திரியிலை இருந்து போன் எடுத்தவை. ஒண்டும் இல்லையாம். நாளைக்கு ரெண்டு பேரையும் வரட்டாம்.”

“ஒண்டும் இல்லையெண்டா ஏன் ரெண்டு பேர்?”

“இஞ்சை வகுப்பு எடுக்காதையும். தேத்தண்ணியைக் குடியும்.”

மனம் மளமளவென்று வாதம் கட்டியது. கெட்ட செய்தி என்றால் வீட்டாரோடு வரச்சொல்வார்கள். வரச்சொல்லிவிட்டார்கள். ஆகவே கெட்ட செய்தி. ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் வெட்டியிருப்பேன். மழை பெய்தால் முற்றம் நனையும், சரி. முற்றம் நனைந்திருப்பதால் மழை பெய்தது என்று ஆகாது. தண்ணீர்த் தாங்கி வழிந்தும் நனையலாம். எங்களை வேறு எதற்காகவும் கூப்பிட்டிருக்கலாம். கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் வாதம் பிழை என்பதற்காக முடிவும் பிழையாகிவிடாதே! அதையும் நான்தானே படிப்பிக்கிறேன்.

அடுத்ததாக அவருடைய சொல்லைப் பிடித்தேன். எங்கள் ஊரில் நோயாளிக்கு உண்மை சொல்கிற வழக்கம் இல்லை. டொக்டர் உறவுக்காரரைத் தனியே கூப்பிடுவார். அந்த உறவுக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து ‘ஒண்டும் இல்லையாம்’ என்பார். உண்மையிலேயே ஒன்றும் இல்லாவிட்டாலும் அதே சொல்தான். நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒரே சொல் என்றால், அந்தச் சொல் எதற்குச் சான்று?

இது எனக்கு நன்றாகவே தெரியும். என் அப்பாவுக்கு அதைச் சொன்னவளே நான்தான். புற்றுநோயை வயிற்றுப்புண் என்றேன். அவர் இங்கிலிஷ் பேப்பரை வரி விடாமல் வாசிக்கிற மனிதர்.

“றிப்போட்டைத் தா பிள்ளை, பாப்பம்.”

“டொக்டர் தன்னட்டை வச்சிருக்கிறார் அப்பா.”

அது என் கைப்பைக்குள் இருந்தது. “சரி பிள்ளை” என்று மறுபக்கம் திரும்பிப் படுத்தார். பிறகு அவர் கேட்கவே இல்லை. நம்பிவிட்டார் என்று நான் ஆறுதல்பட்டேன்.

அடுத்த நாள் மோட்டார்சைக்கிளின் பின்னால் இருந்து கணவரின் சட்டையை இறுக்கிப் பிடித்தபடி போனேன். “பயப்பிட ஒண்டும் இல்லை” என்றார் டொக்டர். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்த்தார்.

“றிப்போட்டைத் தாங்கோ. நான் வாசிக்கப்போறன்” என்றேன்.

கணவர் என் கையைப் பிடித்தார். அதுவும் ஒரு சான்றோ என்று பயந்தேன். டொக்டர் தாளை நீட்டினார். எழுத்துகள் ஆடின. மூன்று தரம் வாசித்தேன். புற்று இல்லை, வெறும் கொழுப்புக் கட்டி.

“வெட்டி எடுத்தா வீட்டை கூட்டிக்கொண்டு போக ஆள் வேணும். திகதி கதைக்கத்தான் ரெண்டு பேரையும் வரச்சொன்னனாங்கள்” என்றார் டொக்டர்.

“நான் சொன்னனான்தானே” என்றார் கணவர்.

நான் அழத் தொடங்கினேன். சந்தோசத்தில் அழுகிறேன் என்று இருவரும் முடிவுகட்டினார்கள்.

அப்பா றிப்போட்டைக் கேட்ட அன்றைக்கு என் முகத்தைப் பார்த்திருப்பார். நான் கைப்பையை இழுத்து அணைத்ததையும் பார்த்திருப்பார். அவர் என்னிலும் கெட்டிக்காரர். ஒரு நாள் நான் பட்ட பயத்தை அவர் சாகும்வரை நான்கு மாதம், ஒருவரையும் ஒன்றும் கேட்காமல், தனியே பட்டிருக்கிறார்.